எள் பிஸ்கட்டுக்கு எந்த எள்ளைக் கொடுப்பது?

மளிகைக் கடையில் எள்ளுக்கென்று தனி மரியாதை இருந்ததில்லை. மிளகுக்கும் ஏலக்காய்க்கும் கண் எதிரே இடம் கொடுப்போம். எள் டின் மட்டும் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் பின்னால் கிடக்கும். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு ஒரு பொட்டலம், சனிக்கிழமை விளக்குக்கு ஒரு முடிச்சு, இட்லி மிளகாய்ப் பொடிக்கு ஐம்பது கிராம், எள்ளுருண்டைக்குக் கால் கிலோ என்ற அளவில்தான் சில்லறை விற்பனை நடந்து வந்தது. திருவதிகையில் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் நம்மிடம் கேட்பதும் பெரும்பாலும் விளக்குக்குத்தான். விளக்குக்குப் போகிற எள்ளில் நாலு மணல் இருந்தாலும் திரும்பி வந்து கேட்பவர் யாரும் இல்லை.

இப்போது கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் வீட்டிலேயே கேக், பிஸ்கட் சுடும் பழக்கம் பரவியிருக்கிறது. சிறிய மின் அடுப்பு பல வீடுகளில் இருக்கிறது. அது இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பிச் சூடேற்றிச் சுடுகிறார்கள். இவர்கள் விரும்பிச் செய்யும் பண்டங்களில் ஒன்று, அப்பளம் போல மெல்லியதாக, கையில் எடுத்தால் படக்கென்று ஒடிகிற எள் பிஸ்கட். இதற்கு எள் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் விளக்கு எள்ளை அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தட்டையிலோ முறுக்கிலோ எள் ஒரு தூவல்தான். மாவும் காரமும் எண்ணெயும் அதன் குறையை மூடிவிடும். மெல்லிய எள் பிஸ்கட்டில் நாலில் ஒரு பங்கு எள். பழைய எள்ளின் சிக்கு வாடை, மணலின் நறநறப்பு, முற்றாத எள்ளின் கசப்பு எதற்கும் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெண்ணெய் வாங்கி, அரை மணி நேரம் அடுப்படியில் நின்று, பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்த அம்மா முதல் கடியிலேயே மணலைக் கண்டால் எள்ளைக் குறை சொல்ல மாட்டார், கடையைத்தான் சொல்வார். நமக்குப் போவது நூறு கிராம் எள்ளின் லாபம் மட்டும் என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. மாதச் சாமான் சீட்டு முழுவதுமே வேறு கடைக்குப் போய்விடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பண்டத்தைத் தெரிந்துகொள்வோம். விற்கிறவனுக்குச் செய்முறை தெரிந்தால்தான் சரக்கைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கணக்கு எளிது. எள் 100 கிராம், மைதா 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 100 கிராம் என நான்கும் சம எடை. இவற்றோடு இரண்டு மேசைக் கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. எள்ளை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, பொரியத் தொடங்கியதும் இறக்கி ஆற விட வேண்டும். பிஸ்கட் அடுப்பில் மறுபடியும் சூடு படுவதால் அரை வறுப்பே போதும். நன்றாகச் சிவக்க வறுத்தால் முடிவில் கசக்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்கக் குழைத்து, பாலை விட்டு, மைதாவையும் சோடாவையும் உப்பையும் சலித்துச் சேர்த்து, கடைசியில் எள்ளைப் போட்டுக் கிளறினால் கரண்டியிலிருந்து கனமாக விழும் மாவு கிடைக்கும். அதைக் கால் மணி நேரம் குளிர வைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக, ஒன்றுக்கொன்று மூன்று விரல் இடைவெளி விட்டுத் தட்டில் வைத்து, நனைத்த டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்திவிட வேண்டும். 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் ஓரம் பழுப்பாகிவிடும். அடுப்பிலிருந்து எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளினால் கருகிவிடும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலையில் ஆற விட்டால் மொறுமொறுப்பு தானாக வரும்.

மெல்லியதாகப் பரவுவதற்குக் காரணம் வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவுக்குச் சமமாக இருப்பதுதான். சூட்டில் இரண்டும் உருகி மாவை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. மைதாவைக் கூட்டினால் பிஸ்கட் தடித்துவிடும். ஆறும்போது உருகிய சர்க்கரை கண்ணாடி போல இறுகுவதால் ஒடியும் தன்மை வருகிறது. இந்த இடத்தில்தான் வெல்லம் கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் ஒரு வார்த்தை சொல்லலாம். வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மணமும் நிறமும் அதிகம். ஆனால் அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்று வீசும் நம் பகுதியில் முழுவதும் வெல்லத்தில் செய்த பிஸ்கட் மறுநாளே நமத்துப் போகும். பாதி வெள்ளைச் சர்க்கரை, பாதி நாட்டுச் சர்க்கரை என்றால் மணமும் இருக்கும், மொறுமொறுப்பும் நிற்கும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலை உள்ள நெல்லிக்குப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு சர்க்கரைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் கடை நடத்துவது அழகல்ல. எள்ளைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு நம்மூர் உடைசல் முந்திரியைப் பொடித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. முழு முந்திரி வாங்கத் தயங்குகிறவர்களுக்கு உடைசல் பொட்டலத்தை எடுத்துக் காட்டலாம்.

இந்தப் பண்டம் ஏதோ புதிதாக முளைத்த ஒன்றல்ல. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரம் இதே போன்ற மெல்லிய எள் பிஸ்கட்டுக்குப் பெயர் பெற்றது. அங்கே எள்ளைப் ‘பென்னே’ என்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மக்களோடு போன பயிரும் பெயரும் அது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஊர்ப் பண்டமாக இதை டப்பாவில் வாங்கி வருகிறார்கள். எள்ளோ நம் நாட்டுத் தானியம். ஹரப்பா அகழாய்விலேயே கருகிய எள் கிடைத்திருக்கிறது. எள்ளின் நெய்யே எண்ணெய் என்று எல்லா எண்ணெய்க்கும் அதன் பெயரையே வைத்தவர்கள் நாம். சார்ல்ஸ்டனில் டப்பாவில் விற்கிற சரக்கு நம் ஊரில் பின் வரிசை டின்னில் கிடக்கிறது.

சரக்குக்கு வருவோம்.

கடலூர் மாவட்டத்துக்கு எள் அயல் சரக்கல்ல. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு எள் வரத்து உண்டு. விருத்தாசலத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரிலும், திண்டிவனம் நிலையம் டி.எம்.வி. என்ற பெயரிலும் எள் ரகங்களை வெளியிட்டிருக்கின்றன. மாசிப் பட்டத்தில் விதைத்த எள் எண்பது, தொண்ணூறு நாளில் முற்றி, வைகாசி, ஆனியில் சந்தைக்கு வரும். புது எள்ளின் மணம் அந்த மாதங்களில் வாங்கினால்தான் கிடைக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தைக்கு வரும் எள்ளில் பெரும்பகுதி செக்குக்குப் போவது. செக்குக்காரர் பார்ப்பது எண்ணெய்ச் சத்தைத்தான். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். பழுப்பு, கறுப்பு, செம்மண் நிறம் எல்லாம் கலந்திருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. கொஞ்சம் தூசி இருந்தால் பிண்ணாக்கோடு போய்விடும். அதே மூட்டையைப் பிரித்துச் சில்லறையில் தின்பண்டத்துக்கு விற்பதுதான் நம் கடைகளில் நடக்கும் பெரிய தப்பு. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். களத்தில் காயும் எள்ளோடு இதுவும் வரக்கூடியது என்பதால் நமக்கு அது வேடிக்கைப் பேச்சல்ல.

பிஸ்கட்டுக்கு மூன்று விதமான எள்ளையும் கேட்பார்கள். தோலோடு கூடிய வெள்ளை எள், தோல் நீக்கிய வெள்ளை எள், கறுப்பு எள். தோல் நீக்கிய எள் பெரும்பாலும் குஜராத்திலிருந்து வருகிறது. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், கசப்பு குறைவு. எள்ளின் லேசான கசப்புக்குத் தோலிலுள்ள ஆக்சலேட் உப்பு ஒரு காரணம். தோல் போனால் கசப்போடு சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியும் போய்விடுகிறது. கவசம் கழன்ற தானியமாகையால் சீக்கிரம் சிக்கு வாடையும் பிடிக்கும். ஆகவே தோல் நீக்கியதை மூட்டைக் கணக்கில் வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பது கூடாது. நாலைந்து வாரத்தில் விற்கிற அளவு வாங்கினால் போதும். தோலோடு உள்ள எள் நின்று நிதானமாக விலை போகும். எள் எண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடக் கெடாமல் நிற்பதற்கு அதிலேயே இயற்கையாக உள்ள சில பொருட்கள் காரணம். தானியம் உடையாமலும் ஈரமில்லாமலும் இருக்கும் வரை அந்தப் பாதுகாப்பு நமக்குத் துணை. உடைசல் அதிகமுள்ள எள்ளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தள்ளிவிடுவதே நல்லது.

கறுப்பு எள்ளில் சாயம் ஏற்றிய சரக்கும் சந்தையில் உலவுகிறது. தண்ணீரில் போட்டதும் நிறம் விட்டால் சாயம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது சரியான சோதனை அல்ல. நல்ல கறுப்பு எள்ளும் ஊறினால் சற்று நிறம் விடும். எள்ளைக் கிள்ளிப் பார்ப்பதே மேல். இயற்கையான கறுப்பு எள்ளின் தோல் மட்டும் கறுப்பு, உள்ளே பருப்பு வெளுப்பு. உள்ளேயும் மை ஊறியிருந்தாலோ, ஈர வெள்ளைத் துணியில் தேய்த்தவுடன் மசி போல ஒட்டினாலோ அந்தச் சரக்கு வேண்டாம்.

மணலுக்குச் சோதனை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பிடி எள்ளை அரிக்கன் சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றி வேறு பாத்திரத்துக்கு அரித்து எடுத்தால் மணல் அடியில் தங்கும். பதர் மேலே மிதக்கும். கொள்முதலுக்கு முன் மூட்டையின் வாயிலிருந்து மட்டும் பார்க்காமல் நடுவிலும் அடியிலும் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரத்துக்கு ஆறு சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கருவி இல்லாதவர்கள் கையை மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுப் பார்க்கட்டும். உள்ளே வெதுவெதுப்பாகவோ பிசுக்கென்றோ இருந்தால் விலை பேசவே வேண்டியதில்லை. கடைசியாக நாலு எள்ளை வாயில் போட்டு மெல்லுங்கள். நல்ல எள் முதலில் பால் போலவும் முடிவில் லேசான இனிப்போடும் இருக்கும். பழைய எள் தொண்டையில் காறும்.

சுத்தமான சரக்கு விலை கூடுதலாயிற்றே என்பார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுத்தம் செய்யாத எள் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவுக்கு 10,000 ரூபாய். சலித்துப் புடைத்ததில் தூசி, கல், பதர் என்று 2 கிலோ போனால் மிஞ்சுவது 48 கிலோ. அப்படியென்றால் அடக்க விலை கிலோவுக்கு 208 ரூபாய்க்கு மேல். சலித்த ஆளின் அரை நாள் கூலி தனி. சுத்தம் செய்த எள்ளை 208 ரூபாய்க்குக் கேட்டால் விலை அதிகம் என்று திரும்பி வருகிறோமே, அது மிச்சமில்லை. சலிக்காமலே விற்றால் அந்த 2 கிலோவுக்கும் காசு கிடைக்குமே என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

இரண்டு தரமாகப் பிரித்து வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். விளக்குக்கும் தர்ப்பணத்துக்கும் சாதாரண எள். தின்பண்டத்துக்குச் சலித்த எள், 100 கிராம் பொட்டலமாக. செய்முறையே 100 கிராம் கணக்கில் இருப்பதால் வாங்குகிறவருக்கும் வசதி. எள்ளைக் கையில் வாங்கக் கூடாது, கடனாக வாங்கக் கூடாது என்று எண்ணுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கும் பொட்டலமாக எடுத்துக் கல்லாவுக்கு அருகில் வைத்துவிட்டால் சங்கடமில்லை. கடையிலேயே முன்கூட்டிக் கட்டி வைத்து விற்பதானால் 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளை மறந்துவிடக் கூடாது. பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய மாதம், அதிகபட்ச விலை, கட்டியவர் பெயர், முகவரி ஆகியவை பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும்.

வைக்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் வித்துகள் பக்கத்துச் சரக்கின் வாடையை இழுத்துக்கொள்ளும். சோப்பு, ஊதுவத்தி, பெருங்காயம் இருக்கும் அலமாரியில் எள் இருந்தால் பிஸ்கட்டில் சோப்பு மணக்கும். கடை முகப்பில் வெயில் படும்படி சரமாகத் தொங்கும் பொட்டலங்களில் எள் இருக்கக் கூடாது. வெயிலும் வெளிச்சமும் சிக்கு வாடையை விரைவுபடுத்தும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூட்டை, பழைய சரக்கு தீர்ந்த பிறகே புதியது. டின்னைக் கழுவாமல் பழைய எள்ளின் மேலேயே புதியதைக் கொட்டினால் புதியதும் கெடும். வண்டு கண்டால் டின்னுக்குள் மருந்து வைக்கும் பழக்கம் அறவே வேண்டாம். எள்ளை அப்படியே வறுத்துத் தின்கிறார்கள்.

மருந்து விஷயத்தில் எள் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்டதாகப் பெல்ஜியம் அறிவித்தது. கிருமிகளை ஒழிப்பதற்காகப் பயன்படுத்தும் வாயு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொருளுக்கு அதற்கு அனுமதியில்லை. அந்த எள் சேர்ந்த ரொட்டி, பிஸ்கட் வகைகளையெல்லாம் பல நாடுகளில் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து இந்திய எள் சரக்குகளில் இரண்டில் ஒன்றைத் துறைமுகத்தில் சோதிக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். எள் ஒரு சிறு சேர்மானம்தான். அது ஒன்று கெட்டதால் முழுப் பண்டமும் குப்பைக்குப் போயிற்று. அங்கே சோதனைச் சாலை கண்டுபிடித்ததை இங்கே வாடிக்கையாளரின் நாக்கு கண்டுபிடிக்கும் என்பதுதான் வித்தியாசம்.

ஒவ்வாமை பற்றியும் இனி நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு எள் தின்றால் தடிப்பு, மூச்சுத் திணறல் வரை வரும். அமெரிக்காவில் 2021இல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக வைத்து, பொட்டலத்தின் மேல் கட்டாயம் குறிப்பிடச் செய்திருக்கிறார்கள். நம் கடையில் ஒரே கரண்டியை எள் டின்னிலும் பொட்டுக்கடலை டின்னிலும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். எள்ளுக்கு ஒரு தனிக் கரண்டி போடுவதால் செலவு ஒன்றும் பெரிதாக ஆகிவிடாது.

வீட்டில் சுட்ட எள் பிஸ்கட்டையே ஜாடியில் போட்டு விற்கக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா என்று நம் உறுப்பினர்களில் சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது. தாராளமாக வாங்கலாம், செய்கிறவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருந்தால். வீட்டில் செய்தாலும் விற்பனைக்கு என்றால் பதிவு வேண்டும். பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத பொட்டலத்தை நம் அலமாரியில் வைத்தால், சோதனை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். வரியைப் பொறுத்தவரை 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கம்பெனி பிஸ்கட்டுக்கும் இதே குறைப்புத்தான் என்பதால் இதை வைத்து மட்டும் வீட்டுச் சரக்கு போட்டியில் நின்றுவிடாது. வாங்கிய நாலாம் நாளும் ஒடிகிறதா என்று பாருங்கள். அகலமான கண்ணாடி ஜாடியை நாளுக்கு இருபது முறை திறந்து மூடினால் மெல்லிய பிஸ்கட் அன்று மாலையே வளையும். பத்துப் பத்தாகக் காற்றுப் புகாத உறையில் ஒட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்குவது நல்லது.

வைகாசி, ஆனி எள் வரத்தின்போது விருத்தாசலம் போகும் மொத்த வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். செக்குக்கான லாட்டோடு, சிறு கடைகளுக்கென்று ஒரே நிறமாகப் பொறுக்கிய, இயந்திரத்தில் கல் நீக்கிய எள்ளையும் தனியாகப் பத்து மூட்டை எடுத்து வாருங்கள். ஐந்து கிலோ, பத்து கிலோ சிப்பமாகக் கட்டிக் கொடுத்தால் திருவதிகையில் உள்ள எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் பகிர்ந்து எடுத்துக்கொள்வோம்.